கந்தகமுகனின் சாயல்

டொக்டர் ஸலாஹுதீனின் கைராசியைப் பற்றிக் கல்முனைப் பக்கத்தில் யாரிடமும் கேட்கலாம். அவருடைய வாயைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கிய ஒருத்தியின் புருஷனிடம், "கபன் புடவை எடுத்தாச்சா, இனித்தானா?" என்று பிணத்துக்குச் சுற்றும் துணியைப் பற்றிக் கேட்டவர் அவர். அவளைப் பிழைக்க வைத்து அனுப்பியவரும் அவர்தான்.

முனவ்வறாவை அவரிடம் தூக்கிக்கொண்டு போனது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம். மருதமுனையில் அவளுடைய குடும்பத்துக்கு நாலு தறிகள். வாப்பா மௌத்தான பிறகு உம்மா ஆசியா உம்மாவும் இரண்டு பெண்களும் சேர்ந்து அவற்றை ஓட்டி வந்தார்கள். நூலுக்குச் சாயம் போடுவது மூத்தவள் முனவ்வறாவின் வேலை. பெரிய கிடாரத்தில் கோஸ்டிக் சோடாவும் சாயமுமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து நூலைப் புரட்டியபோது அடுப்புக்கல் ஒன்று ஈரமணலில் இறங்கிவிட்டது. கிடாரம் அவள் பக்கம் சரிந்தது.

இருபத்திரண்டு வயது அவளுக்கு. மசூர் என்ற பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கென்று வளவுக்குள்ளே எழும்பிய கல்வீட்டுக்குக் கூரை போட்டு, சுண்ணாம்பு பூசுவது மட்டும் மிச்சம். அந்த ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான்.

ஆசுபத்திரியில் டொக்டர் அவளைத் தன் கையாலேயே பார்த்தார். வேறு யாரையும் காயத்தைத் தொட விடவில்லை. மணிக்கணக்காகக் கண்ணைக் கழுவினார். இரவில் வீட்டிலிருந்து எழும்பி வந்து கட்டு மாற்றினார். அந்த விரல்கள் எவ்வளவு மெல்லத் தொட்டன என்பது முனவ்வறாவுக்குத் தெரியும். வலியில் கிடந்தவளுக்கு அந்த விரல்கள் மேல் ஒரு பிரியமே வந்திருந்தது.

கட்டை முழுதாக அவிழ்க்கிற நாள் வந்தது. நோயாளரைப் பார்க்க வருகிறவர்களின் நேரம் அது. கட்டில் தலைமாட்டில் ஆசியா உம்மா நின்றாள். கால்மாட்டில் மசூரின் தாய், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. தாதி வேலை பழகுவதற்கு வந்திருந்த இளம் மிஸ்ஸிமார் நாலைந்து பேர் டொக்டருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். பக்கத்துக் கட்டில்காரிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

டொக்டர் பஞ்சை நனைத்து நனைத்துக் கடைசித் துணியை எடுத்தார். முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது கண்ணுக்கு முன்னால் விரலைக் காட்டி, "தெரியுதா?" என்றார்.

"ஓம் டொக்டர்."

"கண்ணத் தந்திட்டன். மிச்சத்த என்னால படைக்க ஏலாது." பிறகு மிஸ்ஸிமாரின் பக்கம் திரும்பினார். அவருடைய முகத்தில் திடீரென்று ஒரு சந்தோசம். "என்ட மகன் படிக்கிற சித்திரக்கதைப் புத்தகத்தில ஒருத்தன் வாறான். கந்தகக் குழிக்குள்ள விழுந்து எழும்பினவன். பேர் கந்தகமுகன். அச்சு அவனேதான்! பாருங்க, இந்தப் பக்கம் உருகி வழிஞ்சது கூட."

ஒரு மிஸ்ஸி சிரித்துவிட்டாள். டொக்டர் சிரித்ததால் சிரித்தாள், பாவம். ஒருத்தி சிரிக்க மற்றவர்களும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

"இவக்கு ஒருத்தரும் கண்ணாடி குடுக்க வேணாம்" என்று டொக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "அவனும் கண்ணாடியப் பாத்த பொறகுதான் விசர் புடிச்சி ஆள் கொல்லத் தொடங்கினவன்."

முனவ்வறா அவரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற மசூரின் தாயைப் பார்த்தாள். அவள் வாழைப்பழத்தைக் கட்டிலில் வைக்கலாமா, திரும்பக் கொண்டு போகலாமா என்று யோசிப்பவள் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வைத்துவிட்டு வெளியே போனாள்.

இரண்டு கிழமை கழித்துத் தூது வந்தது. மசூர் நல்ல பையன், குடும்பத்தை விட்டுவிட அவர்களுக்கும் மனமில்லை. மூத்தவளுக்குப் பதிலாக இளையவள் ஸகியாவைத் தந்தால் பேச்சுப் பேசினபடியே இருக்கட்டும், வீடும் அதே வீடாக இருக்கட்டும் என்றார்கள்.

ஆசியா உம்மா ஒரு முழுப் பகல் அழுதாள். மாலையில் முகம் கழுவிக்கொண்டு முனவ்வறாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மகள், நான் என்ன செய்ய? ஒனக்கு இனி எவன் வருவான்? ஸகியாட வாழ்க்கையையும் சேத்து அழிச்சிப் போடவா?"

"நான் ஒண்டும் சொல்லல்லயே உம்மா."

"நீ சொல்லாம இரிக்கிறதுதான் என்னைக் கொல்லுது."

"சொன்னா வேண்டாமெண்டு உடுவீங்களா?"

ஆசியா உம்மா எழும்பிப் போய்ச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கண்ணாடி என்று ஒன்று இருக்கவில்லை.

கலியாண நாளில் முனவ்வறாவைக் குசினிக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி, அவள் பார்த்துப் பயந்துவிடக் கூடாதாம். முனவ்வறா தேங்காய் துருவினாள். முனவ்வறா தன் கலியாணத்துக்கென்று நெய்து வைத்திருந்த சீலையை ஸகியா உடுத்திக்கொண்டு வந்து, குசினி வாசலில் நின்று, "ராத்தா, என்னை மன்னிச்சிக்கங்க" என்று தேம்பினாள். "சீலை நனையுது, அந்தப் பக்கம் போ" என்றாள் முனவ்வறா.

டொக்டர் வைத்த பேர் அவளுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. வார்டில் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் தெரு ஒழுங்கைக்குச் சொன்னார்கள். 'கந்தகமுகன்' நீளமாக இருந்ததால் பிள்ளைகள் அதைக் 'கந்தகம்' ஆக்கினார்கள். நெய்த சாரன்களைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கடைக்குப் போகும்போது வேலிக்குப் பின்னாலிருந்து, "கந்தகம் வருகுது, கந்தகம்!" என்ற குரல் கேட்கும். சோறு தின்னாத குழந்தைகளுக்குத் தாய்மார் அவளைக் காட்டினார்கள். ஒருத்தி கூப்பிட்டே சொன்னாள்: "முனவ்வறா, கொஞ்சம் முக்காட்ட எடுத்து இவனுக்கு ஒருக்காக் காட்டு புள்ள. மூண்டு வாய் தின்னட்டும்." அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அயலட்டையில் உப்புக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

ஒருநாள் முனவ்வறா கல்முனைப் பஸாருக்குப் போய்ப் புத்தகக் கடையில் நின்றாள். "கந்தகமுகன் வாற புத்தகம் இரிக்கா?" என்று கேட்டாள். கடைக்காரன் அவளைப் பார்த்தான், பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பழைய புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை இழுத்துக் கொடுத்துவிட்டு, "காசு வேணாம், கொண்டு போங்க" என்றான்.

தறிக் கொட்டிலில் தனியாக இருந்து அதைப் பிரித்தாள். அட்டையில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு முகம். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். இமை இல்லாத கண் முட்டை போலப் பிதுங்கி நின்றது. உதடு கரைந்துபோய்ப் பல்வரிசை காது வரைக்கும் ஓடியது. அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு முடிச்சாகத் தோல் கையில் பட்டது. படத்திலும் முடிச்சு இருந்தது. வாயோரத்தைத் தொட்டாள். இழுபட்டிருந்தது. படத்திலும் இழுபட்டிருந்தது. மூக்குக்குக் கையைக் கொண்டு போகத் துணிவில்லாமல் விரலை எடுத்துக்கொண்டாள். சரி, இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். டொக்டர் படித்தவர், மெய்யைத்தானே சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து மூன்று வருடங்கள் அவள் அந்த முகத்தோடு வாழ்ந்தாள். கிணற்றில் வாளியை விடும்போது கண்ணை மூடிக்கொண்டாள், முகம் கழுவும்போது விரல் படாமல் தண்ணீரை மட்டும் அள்ளி ஊற்றினாள். யாரும் தன்னைப் பார்த்துப் பேசினால், மூக்கு ஓட்டைகளையும் பல்லையும் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசுகிறார்கள் என்று அவர்கள் மேல் இரக்கப்பட்டாள். மசூரின் மேல்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை.

ஸகியாவுக்குப் பிள்ளைநோவு எடுத்த அன்று மருத்துவிச்சி வெந்நீர் கேட்டாள். முனவ்வறா அந்தக் கல்வீட்டின் அறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த அலுமாரி. கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி. வெளியிலிருந்து யாரோ ஒருத்தி வந்து நிற்கிறாள் என்றுதான் நினைத்தாள்.

இடது கன்னத்தில் காதடியிலிருந்து தாடை வரைக்கும் தோல் சுருங்கி, கஞ்சி போட்டுக் காயவைத்த துணி போல மடிந்திருந்தது. புருவத்தில் பாதி இல்லை. வாயின் ஒரு முனை கீழே இழுத்திருந்தது. அவ்வளவுதான். மூக்கு வாப்பாவின் மூக்கு, அப்படியே இருந்தது. உதடு இருந்தது. கண் இரண்டும் இமையோடு இருந்தன. வலது பக்கம் ஒரு கீறலும் இல்லை. அழகென்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு மனிசியின் முகம். ஒருவன் பார்த்துப் பழகிவிடக்கூடிய முகம்.

கட்டிலில் ஸகியா கத்திக்கொண்டிருந்தாள். மருத்துவிச்சி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறாய், துணியக் கொண்டா!" என்று அதட்டினாள். முனவ்வறா துணி கொண்டு வந்து கொடுத்தாள். பிள்ளை பிறந்து, அழுது, குளிப்பாட்டிய பிறகும் அவளுடைய கண் அந்த அலுமாரிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. கொதித்த கிடாரம் தன்னிடமிருந்து ஒரு கன்னத்தைத்தான் எடுத்தது. மிச்சம் முழுவதையும் எடுத்தது ஒரு சிரிப்பு.

அடுத்த கிழமை அவள் நல்ல சீலை உடுத்துக் கல்முனைக்குப் போனாள். டொக்டர் ஸலாஹுதீன் பின்னேரங்களில் பெரிய தெருவில் தனியாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். கச்சிமுகம்மது என்ற வயதான மருந்து கலக்கிறவர் வாசலில் நம்பர்த் துண்டு கொடுப்பார். நீண்ட வாங்குப் பலகையில் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

அவளுடைய முறை வந்தது. டொக்டர் அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார். அதே மெல்லிய விரல்கள்.

"ஆர் இதுக்கு மருந்து கட்டின? நல்ல வேலை."

"நீங்கதான் டொக்டர்."

"அப்ப பிழை வராதே!" அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "கண் போயிருக்க வேண்டிய கேஸ். என்ன செய்யுது இப்ப?"

"ஒண்டும் செய்யல்ல. கட்டு அவுத்த அண்டைக்கி நீங்க ஒரு கதை சொன்னீங்க. அதக் கேக்க வந்தன்."

"என்ன சொன்னன்?"

அவள் சொன்னாள். ஒரு சொல் விடாமல், மிஸ்ஸிமார் சிரித்ததையும் கண்ணாடி வேண்டாம் என்றதையும் சொன்னாள். மாமியாராக வர இருந்தவள் வாழைப்பழத்தோடு நின்றதையும் சொன்னாள். டொக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கந்தகமுகன் என்ற பேர் வந்ததும் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

"கச்சிமுகம்மது, இஞ்ச வந்து இதக் கேளுங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார். "நான் அப்பிடியா சொன்னன்? சொல்லியிருப்பன், சொல்லியிருப்பன். என்ட மகன் இப்ப கண்டில படிக்கிறான், அந்தப் புத்தகமெல்லாம் விட்டிட்டான்." பிறகு கையை ஆட்டினார். "நோய் வருத்தம் இல்லாட்டி எழும்பும்மா. காய்ச்சல்காரர் காத்திருக்காங்க."

அவள் வெளியே வந்தாள். முக்காட்டை இழுத்துவிட மறந்துபோய் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"என்ன புள்ள இது? எந்த டொக்டர்ட்டக் காட்டினீங்க?"

"இவர்ட்டத்தான்" என்றாள் முனவ்வறா.

அந்தப் பெண் உள்ளே பார்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த நம்பர்த் துண்டை வாங்கிலேயே வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

முனவ்வறா அந்தத் துண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்னேரமும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இருப்பதில் நல்ல சீலையாக உடுத்து, விளக்கு வெளிச்சம் இடது கன்னத்தில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அவளாக யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். கேட்டால் மட்டும் சொல்வாள்: "இந்த டொக்டர்தான் பாத்தவர். இவர்ர கையால கட்டினதுதான்." இரண்டு வசனத்திலும் ஒரு பொய் கிடையாது. கேட்டவர்கள் தாங்களாகவே மிச்சத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

கச்சிமுகம்மது முதலில் பணிந்து பார்த்தார். பிறகு விரட்டிப் பார்த்தார்.

"இஞ்ச என்னத்துக்குப் புள்ள வந்து வந்து குந்துறாய்?"

"வருத்தம் காட்ட, காக்கா. நம்பர் தாங்க."

"உனக்கு என்ன வருத்தம்?"

"தலையிடி."

அவளுடைய முறை வரும்போது எழும்பிப் பின்னால் உள்ளவருக்கு இடம் கொடுப்பாள். தலையிடி நின்றுவிட்டது என்பாள். இரண்டு மாதத்தில் வாங்கு காற்று வாங்கத் தொடங்கியது. சாய்ந்தமருதிலிருந்து வருகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பெரியநீலாவணைப் பக்கத்து ஆட்களும் வேறு டொக்டரைத் தேடினார்கள். சிரித்தால் சிரிக்கிற ஆட்கள் குறைந்துபோனதும் டொக்டரின் பகிடியும் குறைந்தது. ஒருநாள் அவரே வெளியே வந்து அவள் முன்னால் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"ஒனக்கு என்ன வேணும்? நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

"ஒங்களால ஏலாது டொக்டர். கேக்கத் தொடங்கினாச் சிரிப்பு வந்துரும்."

"பொலிசுக்குச் சொல்லுவன்."

"சொல்லுங்க. நான் என்ன பொய் சொன்னன் எண்டும் சேத்துச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்து, மூடி, உள்ளே போனார். அந்தத் திறந்த வாயை நினைத்து நினைத்து அவள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். மூன்று வருடத்துக்குப் பிறகு சிரித்த சிரிப்பு அது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகி உட்கார்ந்தார்கள். அதுவும் அவளுக்கு இனித்தது. பின்னேரம் எப்போது வரும் என்று தறியில் இருந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாரி தொடங்கிய ஒரு நாள். வாங்கில் அவளைத் தவிர யாரும் இல்லை. மாவடிப்பள்ளியிலிருந்து நனைந்துகொண்டு ஒரு இளம்பெண் வந்தாள். பேர் றுகையா. புருஷன் வயல்வாடியில் காவலுக்குப் போயிருந்தான். தோளில் இரண்டு வயதுக் குழந்தை, துவாயில் சுற்றியபடி.

"டொக்டர் இரிக்காரா ராத்தா? புள்ளைக்கு நெருப்பாக் காயுது. ராவைலருந்து கண்ணத் துறக்கிறாள் இல்ல."

முனவ்வறா குழந்தையைப் பார்த்தாள். தலை பின்பக்கமாக வளைந்து விறைத்து நின்றது. வாயிலிருந்து பூனைக்குட்டி போல ஒரு சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் டொக்டர் சும்மாதான் இருந்தார். கதிரை கிரீச்சிடுவது கேட்டது.

உள்ளே போ என்று சொல்ல அவளுக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் றுகையா அவளுடைய முகத்தைக் கண்டுவிட்டாள். கண்டு, குழந்தையைத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"ராத்தா... இது?"

"இந்த டொக்டர்தான் பாத்தவர்" என்றாள் முனவ்வறா. பழகிப்போன வாய். "இவர்ர கையால கட்டினதுதான்."

றுகையா மழைக்குள் இறங்கினாள். முனவ்வறா அவள் சந்தியில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம், தூரம் அதிகமில்லை. கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் டொக்டர் வெளியே வந்து வெறும் வாங்கைப் பார்த்தார். "ஒருத்தரும் வரல்லையா?" என்று கேட்டார். "இல்ல டொக்டர்" என்றாள் அவள். மழையைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற நிலை அவளுக்குப் பெரிய சந்தோசத்தைத் தந்தது.

மாரி முடிய முன்னரே டொக்டர் ஸலாஹுதீன் இடமாற்றம் கேட்டுப் பொத்துவிலுக்குப் போய்விட்டார். டிஸ்பென்சரியில் ஒரு தையல்காரன் மெஷின் போட்டான். முனவ்வறா வென்றுவிட்டாள். ஆனால் பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் தறியிலேயே இருந்தாள்.

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ஒருநாள் றுகையா அவளைத் தேடி மருதமுனைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு கூடை முட்டை.

"எங்கெல்லாம் விசாரிச்சி வாறன் ராத்தா! அண்டைக்கி நீங்க இல்லாட்டி நான் அந்த மனிசன்ட கைல புள்ளையக் குடுத்திருப்பன். அல்லாஹ் ஒங்களத்தான் அனுப்பினான். ஆசுபத்திரியிலயும் அவர்தானே எண்டு மறுகா நாட்டு வைத்தியம் பாக்கிற பரிசாரியாரிட்டக் கொண்டு போனன். நூல் கட்டி, எண்ணெய் வெச்சி... பத்து நாளா உசிர் இழுத்திச்சி. தப்பிட்டாள். இஞ்ச பாருங்க, ஸம்ஸியா, ராத்தாவுக்கு ஸலாம் சொல்லுங்க!"

குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. தறியின் கயிறு ஆடுவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"ஸம்ஸியா!" என்றாள் முனவ்வறா.

குழந்தை திரும்பவில்லை. முனவ்வறா நெய்கிற மிதிபலகையை ஓங்கி மிதித்தாள். கொட்டில் அதிர்ந்தது, கூரையில் இருந்த காகம் பறந்தது. குழந்தை கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விளையாட்டுப் புத்தி" என்று றுகையா சிரித்தாள். "கூப்பிட்டாத் திரும்பவே மாட்டாள். காய்ச்சலுக்குப் பொறகு கதையும் குறைஞ்சி போச்சி. வாப்பா எண்டு சொன்னவள், இப்ப அதும் சொல்றாள் இல்ல. வரும் என்ன, ராத்தா?"

முனவ்வறா முட்டைக் கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். "நாளைக்கி இவளத் தூக்கிட்டு வா" என்றாள். "பொத்துவிலுக்குப் போவம். அந்த டொக்டர்ட்டக் காட்டுவம்."

"அவர்ட்டயா? அல்லாஹ்வே, ஒங்களுக்கு அந்தப் பாடு படுத்தினவர்ட்டயா?"

"வா. காதுக்கு அவர் பாப்பார்."

பஸ் பயணம் நீளம். அக்கரைப்பற்று தாண்டியதும் குழந்தை முனவ்வறாவின் மடிக்கு மாறியது. அவளுடைய கன்னத்து மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தது. பயப்படவில்லை. அப்படியே நித்திரையாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முனவ்வறா ஒவ்வொரு ஊர் வரும்போதும் நினைத்தாள். றுகையா வழி முழுக்க அவளுக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்துகொண்டே வந்தாள்.

பொத்துவில் ஆசுபத்திரியில் இருந்த டொக்டர் மெலிந்திருந்தார். முனவ்வறாவைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்தார். ஆனால் குழந்தையைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது. காதுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். தலைக்குப் பின்னால் கை தட்டினார், கரண்டியால் கிண்ணத்தில் அடித்தார். குழந்தை அவருடைய கைக்கடிகாரத்தைப் பிடிக்கப் பார்த்தது. அவர் அதைக் கழற்றி விளையாடக் கொடுத்தார்.

"காய்ச்சல் வந்ததா? கழுத்து விறைச்சதா?"

"ஓம் டொக்டர், மாரிக்குள்ள."

"ஆர்ட்டக் காட்டின?"

"பரிசாரியாரிட்ட."

"நூல் கட்டினாரா? நல்லம். இனி இந்தப் புள்ளை சாகு மட்டும் நீ உம்மா எண்டு சொல்றதக் கேக்காது, அதுட வாயால உம்மா எண்டு சொல்லவும் மாட்டாது. மூளைக் காய்ச்சல். அண்டைக்கே கொண்டு வந்திருந்தா ஊசி போட்டு மாத்தியிருப்பன். காதப் பூட்டித் திறப்பக் கடலுக்குள்ள எறிஞ்சது வேற ஆருமில்ல, நீதான்."

றுகையா குழந்தையின் காதுகளைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இவ இல்ல" என்றாள் முனவ்வறா. "அண்டைக்கே கொண்டு வந்தவ. ஒங்கட வாசலுக்கு வந்தவ. நான்தான் திருப்பி அனுப்பினன்."

றுகையா ஒன்றும் விளங்காதவளாக ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தாள். டொக்டர் கதிரையில் சாய்ந்தார். மெல்ல மெல்ல அவருடைய முகத்தில் பழைய சந்தோசம் திரும்பி வந்தது.

"அந்த மழை நாளா? ஒருத்தரும் வரல்ல எண்டு சொன்னாயே?"

"ஓம்."

அவர் றுகையாவின் பக்கம் குனிந்தார். குரல் மிகவும் மென்மையாக இருந்தது. "தங்கச்சி, இவட கண்ணப் பாருங்க. இந்தக் கண்ணைக் காப்பாத்தினவன் நான். கல்முனை வார்டில ஆரிட்டையும் கேளுங்க. கொதிச்ச சாயம் பொசுக்கின முகத்த என்ட கை பொசுக்கின மாதிரி ஒங்களுக்குக் காட்டியிருக்கா. ஒங்கட புள்ளையையும் நான் காப்பாத்தியிருப்பன். அது இவக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க."

றுகையா கேட்கவில்லை. முனவ்வறாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். டொக்டர் குழந்தையின் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே செவிட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில்தான் இருந்தார்கள்; வேறு இடம் இல்லை. வெகுதூரம் வந்த பிறகு றுகையா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:

"புள்ளைட தலை வளைஞ்சி கிடந்தத கண்டீங்கதானே?"

"கண்டன்."

"நான் எழும்பிப் போகக்குள்ளயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க?"

"ஓம்."

"என்னை ஒங்களுக்கு முன்னப் பின்னத் தெரியுமா?"

"தெரியாது."

றுகையா குழந்தையை ஜன்னல் பக்கமாகத் திருப்பி இருத்திக்கொண்டாள்.

அக்கரைப்பற்றில் பஸ் நின்றது. குழந்தை தண்ணீருக்குக் கையை நீட்டி முனகியது. றுகையா எழும்பினாள். கையில் பை, தோளில் குழந்தை, வெளியே சரியான சனம். முனவ்வறா இரண்டு கையையும் நீட்டினாள். றுகையா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு பின் சீட்டில் இருந்த, முன்பின் அறியாத ஒரு கிழவியிடம் திரும்பினாள். "கொஞ்சம் புள்ளைய வெச்சிருங்க மாமி, தண்ணி வாங்கிட்டு வாறன்" என்று சொல்லி, குழந்தையை அவளுடைய மடியில் இருத்திவிட்டு இறங்கிப் போனாள்.